ஆதாரம் எழுதும் இடம்

எழுபத்துநாலாம் வருஷம், ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்துதான் பதுளைக்கு அப்பாலிருந்த அந்தச் சின்ன மனநோய் வார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பயிற்சித் தாதிகளுக்கு அன்று பரீட்சை. வீட்டுக்குப் போகவிருக்கும் நோயாளி ஒருவரோடு பேசிப் பார்த்து, அவர் யாரையும் அடிக்கக்கூடியவரா, ஆபத்துக் கூடவா குறைவா என்று காரணத்தோடு தாளில் எழுத வேண்டும். டொக்டர் சுந்தரலிங்கம் பக்கத்தில் இருந்து எங்களுக்குப் புள்ளி போடுவார். இதென்ன பெரிய விஷயம் என்ற திமிரோடுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

எனக்குக் கிடைத்தவர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து அங்கமுத்து. கையைக் கட்டிக்கொண்டு பணிவாக இருந்தார். முதல் மனைவி பூவம்மா பள்ளத்தில் வழுக்கி விழுந்து செத்துப்போனதாகக் கோப்பு சொன்னது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் புத்தி பேதலித்ததாம். இரண்டாவது மனைவி இராக்கம்மா, அவரைக் கூட்டிப்போக வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

யாரையாவது அடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“இல்லீங்க, மிஸ்ஸி.”

அப்போது ஈரச்சாக்கு நாற்றம் குப்பென்று வந்தது. அவருடைய கதிரைக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் கட்டும் சாக்கு அவள் இடுப்பில் இருந்தது. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சீமெந்துத் தரை காய்ந்தே கிடந்தது.

அவர் சொல்வது பொய் என்று அவள் தலையை ஆட்டினாள்.

சம்சாரத்தின்மேல் கோபம் வருமா என்று கேட்டேன். வராதென்றார்.

மறுபடியும் ஆட்டினாள். அவள் கழுத்தில் விரல் தடங்கள் கறுத்திருந்தன.

‘ஆபத்துக் கூட’ என்று எழுதினேன்.

டொக்டர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஆதாரம் எங்க, ஸவாஹிரா?”

அவர் கண்ணுக்கு அங்கே யாருமில்லை. சொன்னால் அடுத்த கட்டிலில் என்னைத்தான் படுக்க வைப்பார்கள். தாளில் ஆதாரம் எழுதும் இடம் வெறுமையாகவே கிடந்தது. அவர் கோபிக்கவில்லை. முதல் தடவை பயம் வருவது சகஜம் என்று சொல்லி, நான் எழுதியதை வெட்டி, ‘குறைவு’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே ஓடி இராக்கம்மாவின் கையைப் பிடித்தேன். உன்னைக் கொன்றுவிடுவார், கூட்டிப்போகாதே என்றேன். பூவம்மாவை என் கண்ணால் பார்த்ததையும் சொன்னேன்.

அவள் திடுக்கிடவில்லை.

“தெரியும் மிஸ்ஸி. லயத்து வீட்டுல எங்களோடதான் இருக்கா. நான் எங்க போவேன், சொல்லுங்க?”

அல்லாஹ்வே என்று அவள் கையை விட்டேன்.

பஸ் வந்தது. அங்கமுத்து முன்னால் ஏறிப்போய் உட்கார்ந்தார். பின் ஆசனத்தில் ஜன்னலோரமாகப் பூவம்மா ஏற்கெனவே இருந்தாள்.

இராக்கம்மா ஏறியதும், நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.