பிந்திக் கேட்ட கைதட்டு

பாய்களை உதறிச் சுருட்டி வைத்துவிட்டு, தூசு போகட்டும் என்று சுல்பா டீச்சர் கையைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, தாழ்ப்பாள் போட்டிருந்த சாமான் அறைக்குள்ளிருந்து இன்னொரு கைதட்டுச் சத்தம் கேட்டது.

கண்டக்குழி முன்பள்ளியில் இப்படிப் பிந்திக் கைதட்டுகிற பிள்ளை ஒன்றுதான். பஹ்மா.

சுல்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. புத்தளத்திலிருந்து வந்த முன்பள்ளி அதிகாரிகள் காலையில் பிள்ளைகளின் அபிநயப் பாட்டை வீடியோ எடுத்தார்கள். பஹ்மா ஆசையாகத்தான் பாடுவாள். ஆனால் மற்றப் பிள்ளைகள் கண்ணைப் பொத்தும்போது அவள் இன்னும் மீன்வால் போலக் கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். "நீ உள்ள நிண்டு பாடு தங்கம், டீச்சர் கூப்பிடுறன்" என்று சொல்லிச் சுல்பா அவளைச் சாமான் அறைக்குள் விட்டாள். பிள்ளை திரும்பத் திரும்ப ஓடி வரவே, வெளியே தாழ்ப்பாளையும் போட்டாள். ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லையே என்று வந்தவர்கள் மெச்சியபோது, வெட்கமில்லாமல் தலையாட்டினாள். பிறகு தேநீர், சிரிப்பு, வழியனுப்பல். ஒரு பிள்ளையை மறக்க முடியுமா? மறந்துதான் போனாள்.

"டீச்சர், எண்ட மகள் எங்க?"

கருவாடு காயப்போடும் வாடியில் வேலை முடித்து, அஸர் தொழுகைக்குப் பிறகு வழக்கமாக வரும் கமறியா வாசல் படலையில் நின்றாள். கையெல்லாம் மீன் செதில்.

"உள்ள கை கழுவுறா ராத்தா. இந்தா கூட்டி வாறன்."

பொய் எவ்வளவு லேசாக வந்தது!

"பாவம் நீங்க. எண்ட புள்ளைக்காக ஒவ்வொரு நாளும் காத்துக் கிடக்கிறீங்க."

அவள் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடச் சுல்பா தாங்கியிருப்பாள். முகம் கொதிக்கத் திரும்பி நடந்தாள். பிள்ளை தாயிடம் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான் முதலில் வந்தது. பிள்ளைக்கு என்ன ஆனதோ என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நினைத்து இன்னும் கூசிப்போனாள்.

கடற்காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட, பசையும் ஈரக் கடதாசியும் கலந்த வாடை கதவின் கீழிருந்து கசிய, சுவரில் பிள்ளைகள் ஒட்டிய கடதாசி மீன்கள் சரசரக்க, அந்த மங்கல் வெளிச்சத்தில் அவள் அறையை நெருங்கினாள். உள்ளே மெல்லிய குரலில் பாட்டு.

"சின்ன மீனே நீந்தி வா,
வாலை ஆட்டி நீந்தி வா..."

அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். விளையாடிக்கொண்டிருக்கிறாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"கண்ணை மூடி, கையைத் தட்டி..."

இரண்டு குரல்கள்.

கை அப்படியே நின்றது. பிள்ளையின் குரலோடு ஒரு பெண்ணின் குரல் சேர்ந்து பாடியது. பிள்ளை பிந்தினால் அதுவும் பிந்தியது. பிள்ளை நின்றால் அதுவும் நின்றது.

"மெதுவாச் செய் தங்கம். ஒனக்காகத்தானே நான் நிக்கிறன்."

அந்தக் குரல் சுல்பாவுக்குத் தெரியும். காலையில் வந்தவர்கள் போட்டுக் காட்டிய வீடியோவில் கேட்ட குரல். அவளுடைய குரல். ஆனால் அவள் பஹ்மாவிடம் ஒருநாளும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

அறைக்கு வேறு வாசல் இல்லை. ஜன்னலும் இல்லை.

படலையிலிருந்து கமறியா கூப்பிட்டாள். "உங்கட சத்தம் கேக்குது டீச்சர். பாடி முடிச்சிட்டே வாங்க, அவசரமில்ல."

கத்த வேண்டும். ராத்தா, அது நானில்லை. கத்தினால் எல்லாம் சொல்ல வேண்டி வரும். தாழ்ப்பாள், வீடியோ, பொய், எல்லாம். அந்த நேரத்திலும் மானம்தான் பெரிதாக இருந்தது.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

உடைந்த கதிரைகளுக்கு நடுவே பஹ்மா. முகத்தில் கண்ணீர் இல்லை. பயம் இல்லை. பின்னால் கும்மிருட்டு.

"வா மகள். உம்மா வந்திருக்கிறா."

பிள்ளை அசையவில்லை. சுல்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இருட்டின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர்," என்று மெதுவாகக் கேட்டாள், "இது யாரு?"

இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. சுல்பாவின் கை. அதே மோதிரம். பிள்ளையின் கண்களை அது இதமாகப் பொத்தியது.

"பாக்க வேணாம், தங்கம்."