மனசார வேணும்

இன்ஜின் சூடாக இருந்தது.

அக்சிலியா கையை எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது இன்ஜினைத்தான். எளிதில் கிளம்பாத வண்டி என்றால், ஆள் வருவதற்குள் விற்கிறவர்களே ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்கள்.

"இதைக் கடைசியா எப்பங்க எடுத்தீங்க?"

"எங்கூட்டுக்காரரு ஆத்தோட போனதுக்கப்பறம் யாரும் எடுக்கலீங்க சாமி," என்றாள் கொட்டகை வாசலில் நின்ற கண்ணாத்தாள். மோகனூரில் காவிரிக்கரையை ஒட்டிய வீடு அவளுடையது.

"தொட்டா சுடுதே?"

கண்ணாத்தாள் அக்சிலியாவுக்குப் பின்னால் நின்ற ஜெர்ரியைப் பார்த்தாள்.

"சித்திரை வெயிலு பாப்பா," என்றான் ஜெர்ரி. "தகரக் கொட்டகைல நிக்குது. சுடாம என்ன செய்யும்?"

அக்சிலியா டேங்க்கைத் தொட்டாள், ஹேண்டில்பாரைத் தொட்டாள். இரண்டும் சில்லென்றிருந்தன.

ஆனாலும் சொன்னவன் அண்ணன். அப்பா போன பிறகு, முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக் கோவிலுக்குக் கூட்டிப் போனவன். சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறான்; ஓடும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். விபத்தில் நொறுங்கிய லாரிகளுக்குச் சேதம் மதிப்பிடுவது அவள் வேலை. இரும்பு பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். அதனாலேயே இதற்கு முன் பார்த்த பழைய வண்டிகளையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லி வேண்டாம் என்றிருந்தாள்.

இதில் குறையே இல்லை. டேங்க்கின்மேல் காந்தத்தை ஓட்டிப் பார்த்தாள், பட்டி பூசி மறைத்த இடம் எங்கேயும் அகப்படவில்லை. சேஸிஸ் எண்ணில் அராவி மாற்றிய தடம் தெரியவில்லை. அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பு உருவான வண்டியில் எண்ணெய் தேன்போலத் தெளிந்திருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. வண்டியைக் கண்டால் சும்மா இருக்காத கை ஜெர்ரியுடையது. இன்று இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு எட்டியே நின்றான். கண்ணாத்தாள் வீட்டு நாய் ஓடி வந்து வாலைக் குழைத்து அவன் காலைச் சுற்றியது. இந்த ஊருக்கே முதல் தடவை வருகிறேன் என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"மனசார வேணும்னு சொல்லிப்போட்டு ஒதைங்க சாமி," என்றாள் கண்ணாத்தாள். "எங்கூட்டு வழக்கமுங்க."

அக்சிலியா சிரித்தாள். ஜெர்ரி சிரிக்கவில்லை.

"சொல்லு பாப்பா."

"எனக்கு மனசார வேணும்," என்று சொல்லி உதைத்தாள்.

முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஜெர்ரியின் பெருமூச்சு கேட்டது. தலைச்சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

பொழுது இறங்கும் நேரத்தில் நாமக்கல் பாதையில் கிளம்பினாள். ஜெர்ரி காரில் பின்னால் வந்தான். சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து காற்றில் வந்த கழிவுப்பாகின் புளித்த இனிப்பு வாசமும், வயலில் காய்ந்த கரும்புச் சோகை எரித்த புகையும், இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நின்ற கரும்பின் சலசலப்பும், தொடைகளுக்கு நடுவே சீராகத் துடித்த அந்தக் கனத்த இன்ஜினுமாக, கொஞ்ச தூரம் அவள் சந்தோஷமாகத்தான் ஓட்டினாள். பிறகு வண்டி பின்பக்கம் லேசாக அமுங்கியது, ஓடுகிற வண்டியில் யாரோ பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்ததுபோல.

பள்ளமாக இருக்கும் என்று நினைத்தாள். சாலை வழவழவென்றிருந்தது.

வளைவில் வண்டி அவள் சாய்த்த அளவுக்குச் சாயவில்லை. பின்னால் உட்காரத் தெரியாதவர்கள் வளைவில் உடம்பை எதிர்ப்பக்கம் விறைத்துக்கொள்வார்களே, அப்படி இருந்தது. கரும்பு வாசம் போய்விட்டது. சேற்று வாசம் வந்தது. ஆற்றடிச் சேறு. நாள்கணக்காக நனைந்து கிடந்த துணி.

கண்ணாடியைப் பார்த்தாள். பின் இருக்கையில் யாரும் இல்லை. ஜெர்ரியின் காரும் இல்லை. வெறும் சாலை.

முதுகில் ஈரம் பட்டது. வியர்வை என்று சொல்லிக்கொண்டாள்.

வியர்வை இவ்வளவு குளிராது.

விளக்கு எரிந்த முதல் பெட்ரோல் பங்கில் வண்டியை ஒடித்துத் திருப்பி நிறுத்தினாள். பெட்ரோல் போடும் பெண் குழாயைக் கையில் எடுத்தபடியே வந்தாள்.

"அக்கா, பின்னாடி இருக்கறவர எறங்கச் சொல்லுங்க."

"என்ன?"

"எறங்கினாத்தானுங்க போட முடியும்…" என்றவள் மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வை அக்சிலியாவின் தோளுக்கு மேலே போய் நின்றது. குழாய் கீழே விழுந்தது. அந்தப் பெண் ஓடிப்போய் கண்ணாடி அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அக்சிலியா சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டு குதித்து இறங்கினாள். ஸ்டாண்ட் போடவில்லை. வண்டி சாயவில்லை.

விலகிப் போய் நின்று ஜெர்ரிக்குப் போன் அடித்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"அண்ணா, எங்கண்ணா இருக்க? வண்டில… வண்டில யாரோ…"

"பாப்பா." அவன் அழுதுகொண்டிருந்தான். "மன்னிச்சிரு பாப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"போன ஆடி மாசமே நான் வாங்கிட்டேன். திருப்பிக் கொண்டுபோய் அந்தம்மா ஊட்ல விட்டா, விடியறப்ப என் வாசல்ல வந்து நிக்குது. இன்னிக்கும் உன்னக் கூப்புட வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நான்தான் ஓட்டிட்டுப் போயி விட்டேன். வேற யாராச்சும் மனசார வேணும்னு சொன்னாத்தான் என்னைய விடும்னு அந்தம்மா சொல்லுச்சு."

"அதுக்கு என்னையா கூட்டிட்டு வந்த?"

"அது எம்பொண்ணு ஜாக்குலின் பேரச் சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சிருச்சு பாப்பா. ராத்திரில வாசல்ல நின்னுட்டு, என் குரல்லயே கூப்புடுது. புள்ள எந்திரிச்சுக் கதவத் தொறக்கப் போயிருச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் உன் தங்கச்சிண்ணா."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"உனக்குன்னு புள்ள குட்டி இல்லல்ல பாப்பா," என்றான். அதை மெதுவாக, பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துப் பழகிய குரலில் சொன்னான். இணைப்பு அறுந்தது.

மறுபடி அடித்தாள். போனை அணைத்து வைத்திருந்தான்.

பங்கின் வெள்ளை விளக்குக்குக் கீழே வண்டி ஸ்டாண்ட் இல்லாமல் நேராக நின்றது. பின் இருக்கையின் சுருள் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டும்படி அமுங்கியிருந்தன. இருக்கை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஓடு என்று மனம் சொன்னது. கால் நகரவில்லை.

கிரீச்.

பின் இருக்கை மெதுவாக மேலே எழுந்தது. கம்பிகள் விரிந்தன. தோல்மேல் ஈரத்தில் இரண்டு தொடைகளின் அச்சு.

கிரீச்.

முன் இருக்கை அமுங்கியது.

ஹேண்டில்பார் அவள் பக்கம் திரும்பியது. விளக்கு எரிந்தது. சாவி அவள் கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் ஒரே அடியில் பிடித்துத் துடிக்கத் தொடங்கியது.

"வா பாப்பா," என்றது ஜெர்ரியின் குரல், வண்டியிலிருந்து. "ஏறு. ஊட்டுக்குப் போலாம்."

பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்கும் மடக்குக் கம்பி, யாரும் தொடாமல், டக்கென்று கீழே விரிந்தது.