மூன்றா, எட்டா

காலையில் ஒன்பது மில்லிமீட்டர் அகலம் இருந்த கத்தியின் அலகு, மத்தியானம் பத்தாக இருந்தது.

அவன் வெர்னியர் அளவுகோலின் இரு தாடைகளையும் துணியால் துடைத்து, மடக்குக்கத்தியை மறுபடி நடுவில் வைத்து மெல்ல நெருக்கினான். பத்துதான். கத்தியோடு நூலால் கட்டியிருந்த அட்டைச் சீட்டில், அக்காவின் உருண்டைக் கையெழுத்தில், ஒன்பது என்றே இருந்தது. பல்செட் செய்யும் பட்டறையில் நாள் முழுக்க அரை மில்லிமீட்டருக்காக மெழுகு சுரண்டுகிறவன் அவன். அளப்பதில் கை தவறாது. ஆசையாகச் சேர்க்கும் பழைய கத்திகளுக்கு வயது சொல்ல அவன் முதலில் பார்ப்பதே இந்த அகலத்தைத்தான். சாணைக்கல் தின்னத் தின்ன அலகு மெலியும். மெலிந்த அலகு திரும்பப் பெருத்ததை அவன் கண்டதில்லை.

கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. காலையில் கத்தியை மூடும்போது அது பட்டென்று மடங்கி விரலைக் கிழித்திருந்தது. அப்போதே ரத்தத்தைத் துடைக்கத் துணி எடுத்திருந்தான். ஆனால் அலகில் துடைக்க ஒன்றுமே இருக்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

பூதக்கண்ணாடியை எடுத்தான். அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், செய்தவன் ஆண்டைக் குத்தியிருந்தான். நேற்று வரை ஒன்றும் எட்டும் மட்டுமே தெரிந்தன. மற்ற இரண்டும் தேய்ந்து வழவழத்திருந்தன. இப்போது மூன்றாவதாக ஏழு நின்றது. கூர்மையாக, நேற்றுக் குத்தியதுபோல.

"அக்கா, இங்க வந்து பாரேன்."

தையல் இயந்திரம் நின்றது. "ஏண்டா? சொந்த அக்கா வயசு கேட்டா முழிப்ப. செத்தவன் கத்திக்கு மட்டும் டாண்ணு சொல்லுவ."

"விளையாடல. ரத்தம் பட்டதும் இரும்பு ஏறியிருக்கு. எண்ணு வந்திருக்கு பாரு."

அவள் வந்து குனிந்தாள். இத்தனை வருடங்களில் அவன் சொன்னதைச் சீட்டில் எழுதித் தந்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் கண்ணாடி வழியே பார்த்ததில்லை. இன்று பார்த்தாள். மழை சாளரத்தில் வழிந்து, தண்டவாளத்தில் நீளமான ஒரு சரக்கு ரயில் கடந்து, அதன் சத்தமும் அடங்கிய பிறகும் அவள் நிமிரவில்லை.

"கடைசி எண்ணு?"

"இன்னொரு விரலை வெட்டிக்கிட்டா அதுவும் தெரிஞ்சிடும்," என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அதை அவன் பொருட்படுத்தவில்லை.

கத்தியைத் தகர டப்பாவில் போட்டு மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் திறந்தான். பன்னிரண்டு மில்லிமீட்டர். எலும்புக் கைப்பிடியில் இருந்த வெடிப்பு மூடியிருந்தது. மழைக்கு அடைத்த வீட்டில் தையல் இயந்திர எண்ணெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் கலந்திருந்தது. ஈரக் காசை நாக்கில் வைத்ததுபோல ஒன்று. நான்காவது எண்ணின் வலப்பாதி மட்டும் முளைத்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளைவுகள். இடப்பக்கம் வெறும் இரும்பு.

"மூணா, எட்டா?" என்றாள் அக்கா, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து.

அவள் வந்த சத்தமே கேட்கவில்லை. புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துச் சட்டையை மேலே சுருட்டினான். முழங்கை வரை வெட்டுகள். ஒரே நீளம், ஒரே இடைவெளி. விளிம்பு அடித்த தையல்போல.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

"எனக்குக் கொஞ்சம்தாண்டா வருது. உடம்புல சத்தே இல்ல."

அவளுடைய விரல்கள் பனிக்கட்டிபோல இருந்தன. உதடு வெளுத்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் இவள் இருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும். அதற்கு முன் இந்தச் சனியனைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிய வேண்டும். கத்தியை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, சட்டை மாற்ற உள்ளே போனான். திரும்பி வந்தபோது டப்பா திறந்து கிடந்தது. காலி.

கூடத்தில் விளக்கு எரியவில்லை. மழை இருட்டு. அக்கா மேசையருகே நின்றாள். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. இடது கையில் சீட்டு.

"எட்டுதான் அக்கா," என்றான். "எழுதிடு. முடிஞ்சது. வா, டாக்டர்கிட்டப் போலாம்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பப் பாத்த? கத்தி எங்கிட்டல்ல இருக்கு."

அவன் சீட்டை வாங்கக் கை நீட்டினான்.

"ஊகத்தை எழுதக் கூடாது, கண்ணால பாத்தாத்தான் எழுதணும்னு நீதான சொல்லுவ. இப்ப மட்டும் என்ன?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம். நூறு முறை அவன் ரசித்துக் கேட்டது. அலகு திறந்து நிற்கும் டக்.

கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாள். மழைக்கு ஊறி இறுகிய மரம். இழுத்தான். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான்.

அக்காவின் உள்ளங்கை அவன் நெற்றியில் பதிந்தது. காய்ச்சல் பார்ப்பதுபோல. தலை பின்னால் சாய்ந்தது.

குளிர். ஒரு கோடு. பிறகு சூடு.

முழங்கால் மடங்கியது. தரை வந்தது. கத்த வாய் திறந்தான். சத்தம் கழுத்திலிருந்து வந்தது, குமிழ் குமிழாக. கையால் பொத்தினான். விரலிடுக்கில் பீய்ச்சியது. அவள் அந்தக் கையை விலக்கி, அலகை அங்கேயே வைத்துப் பிடித்தாள். பொறுமையாக. குழாயடியில் குடம் பிடிக்கிறவள்போல.

"ஆடாதடா. சிந்துது பாரு."

அவள் சட்டையும் முகமும் சிவப்பு. அலகில் மட்டும் ஒரு துளி இல்லை. புத்தம் புதிதாக மின்னியது.

அவள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவன் தலையை மடியில் தூக்கி வைத்தாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். பூதக்கண்ணாடியை அவன் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள்.

"நீயே பாத்துச் சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

கண்ணாடிக்குள் அந்த எண் பெரிதாக நின்றது. அதன் இடப்பக்கத்தில், வெறும் இரும்பில், ஒரு மெல்லிய கோடு வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, பாதியில் நின்றது. அக்காவின் கட்டைவிரல், வழுக்கும் அவன் கழுத்தில், இன்னும் துடிக்கும் இடத்தைத் தேடியது.