முழுசாக வைத்த பொம்மை

மாட்டு வண்டி கல்லறை மேட்டில் ஏறி நின்றதும், சோரி குதித்து இறங்கி வண்டிச் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள். வழியெல்லாம் அப்படி ஒரு குலுக்கல்! வைக்கோலை விலக்கிப் பார்த்தாள். மண் பொம்மைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மாளிகையின் சமையற்காரி அவள். அவள் புளிக்கவைத்த முள்ளங்கியின் வாசனைக்குச் செத்தவனும் எழுந்து உட்காருவான் என்று மலைக்கு அந்தப் பக்கம்கூடப் பேச்சு. எசமான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு என்றால், எசமானோடு சேர்த்து அவருக்கு மது ஊற்றிய பெண்ணையும் உயிரோடு உள்ளே வைத்து மூடியிருப்பார்கள். சில்லா நாட்டு ராஜா அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார். ஆளுக்குப் பதில் மண் பொம்மை போதும். எசமானுக்கு மது ஊற்றியவள் சோரியின் ஒரே மகள் தல்லே.

குயவன் பாவி அச்சு அசலாகச் செய்துவிட்டான். அதே வட்ட முகம், அதே அசட்டுச் சிரிப்பு. கையில் மதுக்குடம் ஏந்தி, மண்டியிட்ட ஆள் உயரத்துக்கு.

"என்ன சோரி, மகளைக் கொண்டாந்தியா, பொம்மையக் கொண்டாந்தியா?" என்று சிரித்தான் கல்லறைக் காவலன் கொம்சு.

"உன் வாயில மண்ணப் போட! வந்து தூக்கு."

"தூக்குறேன். மொதல்ல விரல ஒடி."

அதுதான் முறை. கல்லறைக்குள் போகும் எதுவும் முழுசாகப் போகக் கூடாது. சட்டியென்றால் விளிம்பு, பொம்மையென்றால் ஒரு விரல். உடைந்ததுதான் செத்தவருக்குச் சேரும். முழுசாக இருப்பது உயிரோடு இருப்பவர்களுக்குச் சொந்தம்.

சோரி கல்லை எடுத்தாள். பொம்மையின் சுண்டு விரலைப் பார்த்தாள். தல்லே குழந்தையாக இருந்தபோது சப்பிச் சப்பிச் சிவந்த விரல் அது. கொம்சு மாட்டை அவிழ்க்கத் திரும்பிய நேரம் பார்த்து, கல்லோடு கல்லை மோதி 'டொக்' என்று ஒரு சத்தம் எழுப்பினாள்.

"ஆச்சுண்ணே."

பொம்மை முழுசாக உள்ளே போனது.

மறுநாளிலிருந்து தல்லே பேசவில்லை.

பேச்சு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெண் பேச ஆரம்பித்தால் குருவிகள் வெட்கப்பட்டு ஊரைவிட்டே பறந்துவிடும். ஆனால் அவள் சாப்பிடவும் இல்லை. அடுப்புப் புகை முகத்தில் அடித்தும் கண் சிமிட்டவில்லை. எந்நேரமும் மண்டியிட்டபடி, குடத்தை ஏந்தி, யாருமில்லாத ஆசனத்தைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு.

தொட்டால் சில்லென்றிருந்தது. மழையில் நனைந்த சட்டியின் வாசனை.

எசமான் கூப்பிடுகிறார் என்று சோரிக்குப் புரிந்தது. தரவேண்டியதைத் தராமல் ஏமாற்றினால் விடுவாரா? பெரிய எசமானி செத்தால் அவளையும் அங்கேயே வைப்பதற்காகக் கல்லறைப் பக்கவாசலை இன்னும் பூசாமல், கல்லால் மட்டும் அடைத்து வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில், ஒரு ஜாடி முள்ளங்கியோடு கொம்சுவிடம் ஓடினாள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? உள்ள போனவங்க வெளிய வந்ததில்ல!"

"எம் பொண்ணு செத்துக்கிட்டிருக்காண்ணே. ஒரு விரல ஒடிச்சிட்டு ஓடியாந்துடுறேன்."

அவன் ஜாடியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கல்லை நகர்த்தினான்.

உள்ளே அப்படியொரு இருட்டு. வெளியே இருந்த வெயில் பொய்யென்று தோன்றும் இருட்டு. புளித்த மதுவும் ஈர மண்ணும் கலந்த நெடி. தவழ்ந்து போனாள். கை எதையோ தொட்டது. குடம். குடத்தைப் பிடித்த கை.

புழுதி படிந்து, சில்லென்று.

சுண்டு விரலைத் தேடிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கல்லால் அடித்தாள்.

டொக் என்று கேட்கவில்லை.

வேறு மாதிரி கேட்டது.

அருகே யாரோ மெல்ல மூச்சை உள்ளிழுத்தார்கள். இருட்டின் கோடியில், திருப்தியோடு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சோரியின் கை நனைந்திருந்தது. மது சிந்திவிட்டது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடிவந்தாள்.

வாசலில் நின்ற கொம்சு அவள் கையைப் பார்த்தான். கல்லை இழுத்து மூடினான். மூடிய பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தான்.

மாளிகையில் தல்லே அதே இடத்தில் மண்டியிட்டிருந்தாள். சோரி பாய்ந்து போய் அவள் கைகளைப் பற்றினாள். பத்து விரலும் பத்திரம்.

"ஒடிச்சிட்டேன்டி! இனி உன்னக் கூப்பிட மாட்டாரு. ஒரு வார்த்த பேசுடி தங்கம்."

தல்லே சிரித்தாள். உதடு அசையவில்லை.

சோரி அவளை இறுகக் கட்டிக்கொண்டு, மார்பில் காதை வைத்தாள். துடிப்பு இல்லை. காலிப் பானையில் காது வைத்தாற்போல் ஒரு வெற்று இரைச்சல்தான்.

அந்த இரைச்சலுக்குள், வெகு தூரத்தில், சின்னதாக மகளின் குரல்.

"அம்மா... விரல் வலிக்குதும்மா."