பெரியப்பாவின் இரண்டு மிதி

“பெரியப்பா, கார் சாவி வேணும்.”

பெரியப்பா படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மெதுவாக இறக்கினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவருடைய இரண்டு புருவங்களும் ஏறி நின்றன.

அந்த வீட்டில் பெரியப்பாவிடம் எதையும் கேட்கலாம். பென்சில் கேட்கலாம். வகுத்தல் கணக்குக்கு விடை கேட்கலாம். கார் சாவியை மட்டும் கேட்கக் கூடாது. “அவரா மனசு வந்து குடுத்தா வாங்கிக்கணும். நாமா வாய் திறக்கக் கூடாது” என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

மிளகு வாயைத் திறந்துவிட்டாள். அவளுக்கு வயது பத்து. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தது. வீட்டில் அவள் மிளகுதான். ஏன் என்று அவளோடு இரண்டு நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்.

“எதுக்கு, ஊர்வலம் போகவா?” என்றார் பெரியப்பா.

“பட்டறைக்கு. கார்ல கோளாறு இருக்கு.”

“கார்ல ஒண்ணுமில்ல. உங்கம்மா கால்லதான் கோளாறு.”

சாப்பாட்டு மேசையில் அம்மா ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மேசையின் ஒரு கால் குட்டை. அம்மா எழுத எழுத மேசை டொக் டொக் என்று ஆடியது. பெரியப்பா சொன்னதும் ஆட்டம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி டொக் டொக்.

அது நூலகத்துக்கு எழுதும் கடிதம். புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் நூலக வண்டிக்கு ஓட்டுநர் வேண்டுமாம். அம்மாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம் மட்டும்தான் பாக்கி. ஆனால் அம்மா ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டார். இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான். கோட்டில் நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது பெரியப்பாவின் பழைய கார் திணறித் திணறி ஆஃப் ஆகிவிட்டது.

நாளைக் காலை மூன்றாவது தேர்வு. அம்மா அதற்குப் போகப்போவதில்லை. ‘என்னால் வேலைக்கு வர இயலாது’ என்பதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

மிளகு ஒரு நோட்டை நீட்டினாள். எட்டு நாளாகப் பின்சீட்டில் உட்கார்ந்து எழுதியது.

பெரியப்பா உரக்கப் படித்தார். “அம்மா வண்டி எடுத்தது முப்பத்தொரு தடவை. திணறியது பத்தொன்பது. பெரியப்பா எடுத்தது இருபத்திரண்டு தடவை. திணறியது…” அவர் முகம் மலர்ந்தது. “பூஜ்யம்! பார்த்தியா? உன் நோட்டே எனக்குச் சாட்சி சொல்லுது!”

“அடுத்த பக்கத்தைத் திருப்புங்க.”

திருப்பினார். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘பெரியப்பா ஒவ்வொரு தடவையும் எடுப்பதற்கு முன் ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிக்கிறார்.’

“நானா? எப்போ?”

“எப்பவும். வ்ரூம், வ்ரூம். அப்புறம்தான் வண்டி நகரும். உங்களுக்கே தெரியாது. அம்மா அப்படி மிதிக்க மாட்டாங்க. தேர்வுல இஞ்சினை உறும விட்டா மார்க் போயிடும்.”

“போடி! நான் அப்படி எதுவும் மிதிக்கிறதில்ல.”

“அப்ப மிதிக்காம ஒரே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க.”

பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவரை யாரும் கெஞ்சி எழுப்ப முடியாது. சீண்டினால் போதும்.

தெருமுனை சிக்னலில் சிவப்பு விழுந்தது. பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு பேருந்து. பச்சை விழுந்தது. பெரியப்பாவின் வலது கால் தன்னால் எழும்பியது.

“மிதிக்கக் கூடாது!” என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல, ஒழுங்காக, தேர்வில் எடுப்பது போல் எடுத்தார். கார் ஒரு விக்கல் விக்கியது. இன்னொரு விக்கல். தலையாட்டி பொம்மை போல இரண்டு பேரும் முன்னும் பின்னும் ஆடினார்கள். கார் ஆஃப் ஆகிவிட்டது.

பேருந்து ஹாரன் அடித்தது. பால் வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார். “சார், லைசென்ஸ் எடுத்தாச்சா, இல்ல இனிமேதானா?”

மிளகு சிரிக்கவில்லை. அதற்காக அவள் தன் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பட்டறையில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெரியப்பாவை முறைத்தார். “சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஏதாச்சும் குறை உண்டான்னு கேட்டேனா இல்லையா?”

“கேட்டீங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பெரியப்பா பட்டறைக் கூரையைப் பார்த்தார். “குதிரை மாதிரி ஓடுதுன்னு.”

“குதிரைக்கு விக்கல்னு இப்பதான் தெரியுதாக்கும்!”

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். நின்ற இடத்திலேயே இஞ்சினை முடுக்கிப் பார்த்தார். ஒரு திணறலும் இல்லை. “நல்லாத்தானே இருக்கு?” என்று பானெட்டை மூடப்போனார்.

“மூடாதீங்க மாமா” என்றாள் மிளகு. “சும்மா நிக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ஓடும்போதும் நல்லா இருக்கும். நின்னுட்டுக் கிளம்புற அந்த ஒரு நொடிதான் திணறும். எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.”

மெக்கானிக் நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். “இந்த மாதிரி எல்லாரும் எழுதிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்றார்.

சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்தார். மிளகைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொன்னார். “சார், பிரேக்கை அழுத்திப் பிடிங்க. முதல் கியர். கிளட்ச்சைக் கொஞ்சமா, கொஞ்சமா விடுங்க. கார் நகரக் கூடாது, நகரணும்னு நினைக்கணும். அவ்வளவுதான்.”

கார் நகரணும் என்று நினைத்தது. இஞ்சின் முழுவதும் நாற்காலியிலிருந்து எழப்போகிறவர் போல ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஸ்ஸ்ஸ்.”

“மாமா! சீறுது!” மிளகு கத்தினாள். “சாயும்போது மட்டும் சீறுது! அந்தப் பக்கம்!”

மெக்கானிக் விளக்கைப் பிடித்துக் குனிந்தார். இஞ்சினுக்குப் பின்னால், சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய். நேராக இருந்தபோது அதில் ஒன்றும் தெரியவில்லை. இஞ்சின் சாய்ந்து இழுத்தபோது அதன் கழுத்தில் ஒரு கீறல் வாய் திறந்தது.

“திருடன் அகப்பட்டான்” என்றார் மெக்கானிக். “கிளம்பும்போது இது வழியா வேண்டாத காத்து உள்ளே போகுது. பெட்ரோல் பத்தாம இஞ்சினுக்கு மூச்சுத் திணறுது. சார் ரெண்டு மிதி மிதிச்சுக் கூடக் கொஞ்சம் பெட்ரோல் ஊட்டி விட்டுட்டு இருந்திருக்கார். வியாதி வெளியிலயே தெரியல.”

புதுக் குழாய் மாட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய குழாயை மிளகு கேட்டு வாங்கிக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் நான்கு இடத்தில் நிறுத்தி, மிதிக்காமல் எடுத்தார் பெரியப்பா. நான்கு தடவையும் கார் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போனது.

அம்மா கடிதத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மிளகு குழாயை மேசைமேல் வைத்தாள்.

“இது என்னடி கரி?”

“வளைச்சுப் பாரும்மா.”

அம்மா வளைத்தார். கீறல் ஈ என்று இளித்தது.

“அது வந்து… கார்ல ஒரு சின்னக் கோளாறு” என்றார் பெரியப்பா வாசற்கதவிடம்.

“சின்னது இல்ல. ரெண்டு தேர்வு” என்றாள் மிளகு.

அம்மா குழாயை மறுபடி வளைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். “அப்ப என் கால்ல?”

“உன் கால்ல… ஒண்ணுமில்லம்மா.”

“சரியா கேக்கல.”

“உன் கால்ல ஒரு குறையும் இல்லம்மா! நான் சொன்னதுதான் தப்பு!” பெரியப்பா போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கா பறந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நாளைக்கு நானே காரை ஓட்டிட்டு வந்து, தேர்வு நடக்குற இடத்துல…” என்று இழுத்தார்.

அம்மா கையை நீட்டினார். “சாவி.”

இவ்வளவு வருடத்தில் அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. பெரியப்பா சட்டைப்பையைத் துழாவி, சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா உறையை நான்காக மடித்தார். குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினார். மேசையை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

“இந்த நேரத்துல எங்கம்மா கிளம்பிட்ட?” என்றார் பெரியப்பா.

“ஒத்திகைக்கு. நீங்களும் வாங்க, உரிமம் உள்ளவங்க ஒருத்தர் பக்கத்துல உட்காரணும்னு சட்டம் இருக்கு. ஆனா கால் ரெண்டையும் மடிச்சு வச்சுக்கணும்.”

மிளகு நோட்டையும் பென்சிலையும் எடுப்பதற்குள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.