மூணாவது பையோட டேப்

காலைல ஆறே கால். வண்டி ஸ்டார்ட் ஆகல.

அத்தான் சாவியத் திருகுறாரு. லைட்டெல்லாம் எரியுது, இன்ஜின் கர்ர் கர்ர்னு சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது. குடோன்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்பதான் பஸ்ல வந்து இறங்கினாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. பதினோரு மணிக்கு வேற ஊர்ல பகல் வேலைக்கு இன்டர்வியூ, வண்டில மூணு மணி நேரம் போகணும். இந்த நைட் ஷிஃப்ட்லேந்து தப்பிக்க அவருக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

முதல் நாள் சாயங்காலம் பானெட்டத் தொறந்து உள்ள கழுவினது யாரு? தம்பி. அதாவது அத்தானோட பொண்டாட்டிக்கு, நம்ம அக்காவுக்கு, கூடப்பொறந்தவன். ரெண்டு மாசமா ஹால்லதான் படுக்கை. சும்மா ஒக்காந்து சாப்பிடுறோமேன்னு கூச்சம், அதான் ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்க எடுத்துத் தரேன்னு எறங்கினான்.

அத்தான் வண்டிய விட்டு எறங்கி வந்து ரொம்ப மெதுவாத்தான் சொன்னாரு. "தண்ணிய ஊத்திக் கெடுத்துட்ட. நாளைக்கே வேற ரூம் பாத்துக்க."

இந்த ஊர்ல தம்பிக்கு வேற யாரும் கெடையாது. நகத்தக் கடிக்கப் போனான், கடிக்க நகமும் மிச்சமில்ல. அக்கா வாசப்படில நின்னுக்கிட்டு, சரி விடுங்க, ஏழு பத்துக்கு ரயில் இருக்கு, அதுல படுத்துக்கிட்டே போயிடலாம்னாங்க. கூட்டத்துல நசுங்கி வந்து நிக்கிறவனுக்கு யாரு வேலை குடுப்பான்னு அத்தான் எரிஞ்சு விழுந்தாரு.

அந்த நேரத்துல பல்லு வெளக்கிக்கிட்டே வெளிய வந்தா பார்சல்காரி. அத்தானோட தங்கச்சி, மாடி ரூம்ல இருக்கா. கூரியர் கம்பெனில திரும்பி வர்ற பார்சல யாராச்சும் நடுவுல பிரிச்சிருக்காங்களான்னு பாக்குறதுதான் அவ வேலை. வீட்ல பிஸ்கட் பாக்கெட்டக் கூட திருப்பிப் பாத்துட்டுத்தான் தொறப்பா.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் சத்தம் போடாம இரு," அப்படின்னுட்டு தம்பியக் கேக்க ஆரம்பிச்சா.

"சூட்டோட கழுவினியா?"

"இல்லக்கா. கை வெச்சா சுடாத அளவுக்கு ஆறின பெறகுதான். பேட்டரி ஒயரக் கழட்டி வெச்சிட்டு."

மிச்சத்த அவனே கடகடன்னு சொன்னான். தண்ணி படக்கூடாத எடம் மூணு, காத்து இழுக்கிற குழாய், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி. மூணுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி டேப் சுத்தினான். அப்புறம் பிசுக்கு எடுக்குற மருந்த அடிச்சு, ஊற வெச்சு, பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சு, குழாய மெதுவா தொறந்து அலசினான். ராத்திரி பனி எறங்கும்னு பைய மட்டும் எடுக்கல. பானெட்ட மூடி, வண்டியப் பூட்டி, சாவிய சமையக்கட்டு ஆணில மாட்டிட்டான். காலைல பையெல்லாம் பிரிச்சு, ஒயர மாட்டினான். அதுல ஒரு பை மட்டும் வரவே இல்லையாம், கத்தியால கீறித்தான் எடுத்திருக்கான்.

"எது?"

"ஃபியூஸ் பெட்டியோடது."

பார்சல்காரி பானெட்டத் தொறந்தா. உள்ள கழுவி வெச்ச தட்டு மாதிரி பளபளன்னு இருக்கு. ஃபியூஸ் பெட்டி மூடியத் தொறந்து விரல விட்டுத் தடவினா. சொட்டு ஈரம் இல்ல. ஆனா ஒரு குழி காலி. மூடியோட உள்பக்கம் இருக்கிற படத்தப் பாத்தா, அது பெட்ரோல் பம்போட ஃபியூஸ் இருக்க வேண்டிய எடம்.

"தண்ணி உள்ள போனா ஃபியூஸ் எரியும், சரி. கழட்டி எடுத்துக்கிட்டுமா போகும்?"

அத்தான் உடனே பக்கத்து வீட்டுக்காரரக் கை காட்டினாரு. எண்ணெய்த் தண்ணி என் கேட்டுப் பக்கம் வருதுன்னு நேத்து சண்டைக்கு வந்த மனுஷன் அவரு. ஆனா பானெட்டத் தொறக்குற கொக்கி காருக்குள்ள இருக்கு, காரு பூட்டிக் கெடந்துச்சு, சாவி வீட்டுக்குள்ள. அவரு செவுத்த ஊடுருவித்தான் வரணும்.

அவ நேரா குப்பைக் கூடைக்குப் போயி மூணு பையயும் எடுத்துத் தரையில பரப்பினா. கொஞ்ச நேரம் குந்தி ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. பல்லு பிரஷ் இன்னும் வாயிலதான். அப்புறம் எழுந்து வாயக் கொப்புளிச்சிட்டு அக்காவப் பாத்தா.

"அண்ணி, ஃபியூஸ நீங்களே குடுத்துடுங்க."

பார்சல்காரியே தொடர்ந்தா. "இவனுக்கு நகம் இல்ல. அதனால எந்த டேப்ப ஒட்டினாலும் நுனிய மடிச்சு காது மாதிரி விட்டுடுவான், இல்லாட்டி அவனாலயே பிரிக்க முடியாது. ரெண்டு பையில காது இருக்கு, பல்லால கடிச்ச நுனி. மூணாவதுல காது இல்ல, டேப் நுனி கத்திரிக்கோல் வெச்சு நேரா வெட்டினது. அதனாலதான் இவன் கத்தியத் தேடியிருக்கான். பைய யாரோ பிரிச்சு, புது டேப் ஒட்டியிருக்காங்க. ராத்திரி அண்ணன் குடோன்ல. இவனுக்கு இவனே குழி வெட்டிக்க மாட்டான். நான்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த வீட்ல ரயில் ஏறி யாருக்கும் பழக்கமில்ல அண்ணி. ஏழு பத்துன்னு எப்படி வாயில வந்துச்சு?"

அக்கா உள்ள போயி, பீரோலேந்து கைக்குட்டைய எடுத்துட்டு வந்து பிரிச்சாங்க. குட்டியா, நீலக் கலர்ல, அந்த ஃபியூஸ்.

"போன வாரம் சிக்னல்ல நிக்கும்போதே தூங்கிட்டீங்க," புருஷனப் பாத்துத்தான் சொன்னாங்க. "நான்தான் உலுக்கி எழுப்பினேன். யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு என் கையப் பிடிச்சு சத்தியம் பண்ண வெச்சீங்க. இன்னைக்கு விடிய விடிய வேலை பாத்துட்டு மூணு மணி நேரம் ஓட்டுறேன்னா, நான் என்ன பண்றது? வேணாம்னா கேக்குற ஆளா நீங்க?"

தம்பி ரொம்ப சின்னக் கொரல்ல கேட்டான். "என்னத் திட்டும்போது ஏன்க்கா சும்மா நின்ன?"

"திட்டிட்டு ரயிலுக்குக் கெளம்பிடுவாருன்னு நெனச்சேன்டா. போகச் சொல்லுவாருன்னு நெனைக்கல. அதுக்கப்புறம் வாய் தொறக்கவே பயமாயிடுச்சு." அக்காவுக்கு அழுகை வந்துடுச்சு.

அத்தான் ஃபியூஸ வாங்கி, அது இருந்த குழியில அழுத்தினாரு. சாவியத் திருகினாரு. ஒரே திருகுல பிடிச்சிக்கிச்சு. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டே ஒக்காந்திருந்துட்டு எறங்கி, சாவிய தங்கச்சி கையில குடுத்தாரு. "உனக்கு இன்னைக்கு லீவுதானே. நீ ஓட்டு."

அப்புறம் பின் கதவப் பிடிச்சிக்கிட்டு, தம்பி மொகத்தப் பாக்காமலே சொன்னாரு. "ரூம்லாம் பாக்க வேணாம். முன்னாடி ஏறு மச்சான், அவளுக்கு வழி தெரியாது, போன்ல பாத்து சொல்லு."

தெரு முனை திரும்பல, பின் சீட்ல கொறட்டை ஆரம்பிச்சிடுச்சு.