நீலப்பூத் தட்டு

"ஆட்டிறைச்சி ரோல்ஸையோ வைச்சுக் குடுத்தனி? வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"எந்த வெள்ளைக்காரர், சொல்லுங்கோ பாப்பம்? இந்த றோட்டிலை எங்களைத் தவிர ஒரு சனமும் குடிவரேல்லை!"

அன்புராசா யன்னலால் வெறும் றோட்டை எட்டிப் பார்த்தார். சொன்னதைச் சரிபார்ப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

தமிழ்ச்சனம் நிறைந்த மோர்னிங்சைட் அடுக்குமாடியிலிருந்து, விட்பி நகருக்கு அங்கால் சோளக்காட்டை வெட்டி எழுப்பிய இந்த வீட்டுக்கு மனைவி அன்ரனெற்றை இழுத்து வந்தவர் அவர்தான். புதுக் குடியிருப்பின் முகப்பில் பெரிய விளம்பரப் பலகை. அதில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்று: தேவாலயம், தபாற்கந்தோர், தாராக்குளம், கண்ணாடி யன்னலோடு பேக்கரி. எல்லாம் விரைவில் வருமாம். வந்தது சேறு. "எங்கடை வில்லேஜ்" என்று அவர் பீத்தியதைச் சிரிக்காமல் கேட்ட மோர்னிங்சைட் சனத்துக்கு மோட்சம் நிச்சயம்.

பிறகு ஒரு காலை, வாசற்படியில் அந்த நீலப்பூத் தட்டு. வெள்ளைத் துணிக்குக் கீழே சூடான பணிஸ். வந்த தட்டை வெறுமையாய்த் திருப்பக்கூடாது என்று வளர்ந்தவள் அன்ரனெற். பாண் சுடும் மணம் விளம்பரப் பலகைப் பக்கமிருந்து வந்ததால், ரோல்ஸை வைத்து அதன் காலடியிலேயே விட்டு வந்தாள். மறுநாளும் தட்டு வந்தது. பகல் முழுக்கப் பேச்சுத்துணையில்லாதவளுக்கு அது ஆறுதலாயிருந்தது. அதுதான் கேவலம்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. திரும்பிப் போவம்."

"ஊர் சிரிக்கும். உதுக்கு நான் முடிவு கட்டுறன்." தட்டைப் பறித்தார்.

"வெறுந்தட்டாக் குடுக்காதேங்கோ!"

கதவை அறைந்து சாத்திப் போனார்.

கார்த்திகை மாதத்து அந்திக் கருக்கல். கட்டி முடியாத வீடுகளின் பிளாஸ்ரிக் விரிப்புகள் காற்றில் படபடக்க, நனைந்த மர மணத்துக்கு அடியில் பாண் மணம் தடித்து ஏற, சேற்றை உறிஞ்சி உறிஞ்சிப் போகும் அவருடைய காலடியைக் குசினி யன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலடி நின்றது. பலகைக்கு லைற் இல்லை. ஆனாலும் வரைந்த பேக்கரி யன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே ஆரோ குனிந்தார்கள். பிறகு இருட்டு.

மணம் மட்டும்.

காலையில் படியில் தட்டு. துணிக்குக் கீழே, மாவில் புரண்ட அவருடைய கலியாண மோதிரம். சூடாக.

அன்புராசா ஒஷாவாவில் ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்று சனம் கதை கட்டியது. அன்ரனெற் அதை மறுக்கவில்லை. தட்டைக் குசினியிலேயே விட்டுவிட்டு மோர்னிங்சைட்டுக்கு ஓடி வந்தாள். அதில் எதையும் வைத்துத் திருப்பவில்லை.

அவர் இறந்தவர் என்று கோட்டு நீதிபதி அறிவிக்க ஏழு வருடம் பிடித்தது. அதன்பிறகு றொய்சனைக் கட்டினாள். நல்ல மனுசன், வாய் குறைவு. கலியாண மண்டபத்து மேசையில் அன்பளிப்பு என்வலப்புகளுக்கு நடுவே ஏதோ துணியால் மூடியிருந்தது. விளிம்பில் நீலப்பூ.

"உது ஆர் கொண்டு வந்தது?" என்று றொய்சன் கை நீட்டினார்.

வெள்ளைத் துணி மெல்ல மேலெழுந்து, மெல்லத் தாழ்ந்தது. திரும்பவும் எழுந்தது. மூச்சு விடுவதுபோல்.